இனம் 17: பச்சைக் கல் ஒன்று

1. பாளையங்கோட்டையில் வசிக்கும், காலஞ்சென்ற சிவசைலம் பிள்ளையின் குமாரர், ஐம்பத்தெட்டு வயதுடைய அனவரதநாதன் ஆகிய நான், முப்பத்தோர் ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகளில் தொழில் செய்துவரும் வழக்கறிஞர்.

2. ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலான பாகப்பிரிவினை வழக்கில், வீட்டிலுள்ள அசையும் பொருள்களைப் பட்டியலிட நீதிமன்றம் என்னை ஆணையராக நியமித்திருக்கிறது. அறிக்கை நீதிமன்றத்துக்கு உரியது. இந்த நாட்குறிப்பு எனக்கு உரியது. என்றேனும் எவரேனும் என்னைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால், வெறும் நினைவை நம்பி நிற்கும் மூடனாக நான் இருக்கமாட்டேன்.

3. இதில் எழுதப்படுபவை யாவும் உண்மை. விடுபடுபவை, தேவையற்றவை என்பதால் விடுபடுபவை.

9 ஏப்ரல் 2012

காலை பத்து மணிக்குத் தாவா வீட்டுக்குச் சென்றேன். வாதி செண்பகவல்லி அம்மாள். பிரதிவாதி அவருடைய அண்ணன் குற்றாலலிங்கம். ஒரே வீட்டின் இரு பாதிகளில் வசிக்கிறார்கள். நடுவில் ஒரு கதவு. கதவின் இரு பக்கமும் பூட்டு. இட்லிக் கொப்பரை அண்ணன் பாதியிலும் அதன் மூடி தங்கை பாதியிலும் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக இரு தரப்பும் தோசைதான் உண்கிறார்கள் என்று தெரிகிறது.

மதியத்துக்குள் பதினாறு இனங்கள் முடிந்தன. பதினேழாவதில்தான் இருவரும் குரலை உயர்த்தினார்கள். அண்ணன் பாதியின் பூசையறையில், வெள்ளிப் பீடத்தில், கைப்பிடியளவு கல் ஒன்று. பழுப்புப் பாறைத்துண்டின் ஒரு முகம் முழுவதும் நெருக்கமான பச்சை ஊசிகள். ஒவ்வொரு கொத்தும் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல விரிந்திருந்தது. வெளிச்சம் பட்டால் பட்டுத்துணியின் மினுக்கம்.

“எங்க அப்பா ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாந்த மரகத லிங்கம், வக்கீலய்யா. அண்ணன் தனியா அமுக்கப் பாக்கான்” என்றார் செண்பகவல்லி.

“யாரு அமுக்குதா? மூத்தவன் வீட்லதானே பூசை. எம் பொண்டாட்டி ஒம்பது வருசம் தெனமும் பாலூத்திக் கும்பிட்டா. ஒருநா தவறுனதில்ல.”

அந்த அம்மாள் இரண்டாண்டுகளுக்கு முன் சிறுநீரகக் கோளாறில் இறந்துவிட்டார் என்பது பிரமாணப் பத்திரத்தில் உள்ளது. தந்தையார், தாமிரச் சுரங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஊர் திரும்பியவர். அவர் இதை வழிபட்டாரா என்று கேட்டேன்.

“அவுக எங்க கும்பிட்டாவ? சாமான் ரூம்ல, ஈயப்பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்தாவ. எங்கள கிட்டயே அண்டவிட மாட்டாவ. அவுக போனப்புறம் சோசியர்தான் பாத்துட்டு, மரகதத்தையா பூட்டி வச்சிருக்கீயன்னு கேட்டாரு” என்றார் குற்றாலலிங்கம்.

“அந்த ஈயப்பெட்டிய அண்ணன் பழைய இரும்புக்குப் போட்டுட்டான். அதையும் எழுதுங்க!”

எழுதினேன். இனம் 17: பச்சைக் கல் ஒன்று. இனம் 18: அதன் ஈயப்பெட்டி, காணவில்லை. வீட்டில் நான்கு வெள்ளிக்குடங்கள் இருக்கையில், மரகதத்தை ஒருவர் ஈயத்தில் வைத்துப் பூட்டியது ஏன் என்பது என் நியமன வரம்புக்கு அப்பாற்பட்டது.

11 ஏப்ரல்

கல்லை அண்ணனிடம் விடத் தங்கை சம்மதிக்கவில்லை. தங்கையிடம் விட அண்ணன் சம்மதிக்கவில்லை. நீதிமன்றப் பொருள்களுக்குக் காவலரான நாசரைக் கேட்டேன்.

“பூசை செய்யுத சாமியெல்லாம் எங்கிட்டத் தராதீங்க சார். எலி கடிச்சுதுன்னா நான் ரிப்போர்ட் எழுதலாம். சாமி கோவிச்சுதுன்னா யாருக்கு எழுத?”

ஆகவே இரு தரப்பும் என் பெயரில் உடன்பட்டன. இந்த வழக்கில் அவர்கள் உடன்பட்ட முதல் செய்தி இது. உத்தரவின் வாசகத்தை நானே வரைந்து கொடுத்தேன்: “ஆணையர் இனம் 17-ஐத் தமது பொறுப்பில் வைத்திருப்பார், நித்திய அபிடேகமும் பூசையும் இடையறாது நடைபெறச் செய்வார்.” ‘இடையறாது’ என்ற சொல்லை நீதிபதி பாராட்டினார். கல் மரகதம்தானா என்று ஆராய, புவியியல் பேராசிரியர் எட்வின் தேவஇரக்கம் நிபுணராக நியமிக்கப்பட்டார். அவருடைய அறிக்கை மூடி முத்திரையிட்ட உறையில் வரவேண்டும். நீதிமன்றம் மட்டுமே அதைத் திறக்கும். இந்த வாசகமும் என்னுடையதே.

12 ஏப்ரல்

கல் வீட்டுக்கு வந்தது. என் மனைவி ஆவுடையம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

“வழக்கு ஆளுவள வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரப்படாதும்பீய. இப்பம் வழக்கையே தூக்கிட்டு வந்திருக்கீய?”

நீதிமன்ற உத்தரவு என்றேன். இருபத்தெட்டு ஆண்டு மணவாழ்வில் இந்தப் பதிலுக்கு அவளிடம் மறுப்பு இருந்ததில்லை. படுக்கையறைச் சுவருக்கு மறுபுறமுள்ள பூசையறையில் கல் வைக்கப்பட்டது. குற்றாலலிங்கம் கொடுத்த குறிப்பின்படி பால், தயிர், எலுமிச்சைச் சாறு, நீர் என்ற வரிசையில் அபிடேகம்.

“எலுமிச்சம்பழம் புழிஞ்சா எப்படிப் பளபளங்கு பாருங்க” என்றாள்.

தீர்த்தம் அருந்தினோம்.

15 ஏப்ரல்

தீர்த்தம் இளம்பச்சையாக இருந்தது. மரகதத்தின் சாரம் இறங்குவதாக ஆவுடை கூறுகிறாள். இக்கூற்றுக்குச் சான்றில்லை, மறுப்பதற்கும் சான்றில்லை. அருந்தினேன்.

19 ஏப்ரல்

நிபுணர் ஆய்வு, என் அலுவலகத்தில். கல்லை எவர்சில்வர் தூக்குச்சட்டியில் எடுத்துச் சென்றேன். இரு தரப்பும் ஆஜர்.

பேராசிரியர் மெலிந்தவர்; பழைய ஸ்கூட்டர்; பையில் ஒரு கத்தி, ஒரு பூதக்கண்ணாடி, ஊதா விளக்கொன்று. முதலில் கத்தியால் ஓர் ஓரத்தைக் கீறினார்.

“மரகதம்னா கத்தி வழுக்கும் சார். இதுல பாருங்க, கோடு விழுது.”

“ஐயோ, சாமியக் கீறிட்டாரே!” என்று செண்பகவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கீறுனதுக்கு நான் ஆட்சேபணை” என்றார் குற்றாலலிங்கம். பதிவு செய்தேன். இருவரும் உடன்பட்ட இரண்டாவது செய்தி.

அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைக் காட்டினார். கல் ஒளிரவில்லை.

“மினுங்கலியே?” என்றார் குற்றாலலிங்கம், ஏமாற்றத்துடன்.

“மினுங்கலேன்னா நல்ல கல்லுன்னும் அர்த்தமில்ல, கெட்ட கல்லுன்னும் அர்த்தமில்ல அண்ணாச்சி. செம்பு கலந்திருந்தா மினுங்காது.”

பிறகு கல்லைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். அளவுக்கு மீறிய கனம் என்று முணுமுணுத்தார். பூதக்கண்ணாடியில் அந்த ஊசிகளை நெடுநேரம் நோக்கினார். கல்லை இரு விரலால் எடுத்துத் தூக்குச்சட்டிக்குள் வைத்து, சோப்பு எங்கே என்று கேட்டார். மூன்று முறை கை கழுவினார். உதிர்ந்த சில ஊசிகளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, சட்டைப்பையில் வைக்கப்போனவர், நிறுத்தி, வெளியே சென்று ஸ்கூட்டரின் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

விஞ்ஞானம் படித்தவர்களுக்குச் சுத்தம் ஒரு நோய்.

30 ஏப்ரல்

நீதிமன்றக் கோடை விடுமுறைக்கு முந்திய கடைசி வேலைநாள். மாலை ஐந்தே முக்காலுக்கு, நீதிமன்றம் கலைந்த பின், பேராசிரியர் என் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று இடங்களில் அரக்கு வைத்த உறை. பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“சார், அந்தக் கல்லப் பத்தி ஒரு வார்த்தை...”

கையை உயர்த்தித் தடுத்தேன். “பேராசிரியரே, உங்கள் கருத்து உறைக்குள் இருக்கிறது. உறை நீதிமன்றத்துக்கு உரியது. ஒரு தரப்பும் இல்லாதபோது அதை நீங்கள் சொல்வதும் நான் கேட்பதும் முறையல்ல.”

“சரி, சொல்லல. கல்லு இப்ப எங்க இருக்கு? அதையாவது சொல்லுங்க.”

“உத்தரவின்படி பாதுகாப்பாக உள்ளது. இடத்தை வெளியிட நான் கடமைப்பட்டவனல்லன்.”

“ஆளு பொழங்குத எடமா சார்?”

“அந்தக் கேள்வி உங்கள் நியமன வரம்புக்குள் இல்லை.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதைக் குறைவு இருந்ததாகக் கருதுகிறேன். “ஜட்ஜையா எப்ப வருவாங்க?” என்றார். ஜூன் நான்காம் தேதி என்றேன். “தபால்ல எழுதிப் போடுதேன். நாளைக்கு நான் எம் மக வீட்டுக்கு வெளியூர் போறேன். என் அட்ரஸ் அதுல இருக்கும்” என்று சொல்லிப் போய்விட்டார். வாசலில் உள்ள குழாயில் மீண்டும் கை கழுவினார். இம்முறை அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

1 மே

தொண்டையில் கரகரப்பு. தீர்த்தம் அருந்தவில்லை.

3 மே

கத்திரி வெயில் தொடங்க இருக்கிறது. படுக்கையறையில் புழுக்கம். முன்னறையில் பாய் விரித்துப் படுக்கிறேன். தொண்டை சரியாகவில்லை. அபிடேகம் இடையறாது நடைபெறுகிறது.

6 மே

என் மகள் வடிவு வந்துவிட்டாள். ஏழாம் மாதம். தென்காசியில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தோம். இரு கைகளிலும் கண்ணாடி வளையல். நடந்தால் வீடே ஒலிக்கிறது. காலியாக இருக்கும் என் கட்டில் அவளுக்கு ஒதுக்கப்பட்டது.

“அப்பா ஏன் தரையில படுக்காவ?”

“உங்க அப்பாவுக்குச் சூடு. கோர்ட்டு லீவுல்லா, யாரு மேலயும் எரிஞ்சு விழ முடியாம உள்ளயே நின்னு கொதிக்கு” என்றாள் ஆவுடை.

மரகதத் தீர்த்தம் கருவுக்கு நல்லது என்று பக்கத்து வீடுகளிலிருந்தும் கேட்டு வந்தார்களாம். வழக்குச் சொத்தின் பயனை மூன்றாம் தரப்பினருக்கு வழங்க அதிகாரம் இல்லை என்று சொல்லித் தடுத்துவிட்டேன். வடிவு மூன்றாம் தரப்பு அல்லள்.

9 மே

பேராசிரியரிடமிருந்து எனக்குப் பதிவுத் தபால். வழக்கு நிலுவையில் இருக்கும்போது நிபுணர் ஆணையருக்குத் தனிக்கடிதம் எழுதுவது ஒழுங்கீனம். தபால்காரரிடம் ‘பெற மறுத்தார்’ என்று எழுதித் திருப்பியனுப்பச் சொன்னேன்.

“மறுத்தா வாங்குன மாதிரிதான்னு நீங்கதான சார் எல்லார்கிட்டயும் சொல்லுவீக?” என்றார் தபால்காரர்.

சட்டம் தெரிந்த தபால்காரர்களால் தொழிலுக்கு ஆபத்து.

12 மே

பால் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. தீர்த்தம் தவிர்த்தேன். உறையின் முத்திரைகள் மூன்றும் பழுதின்றி உள்ளன.

16 மே

வடிவைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். சிறுநீரில் புரதம் இறங்குகிறதாம். இரத்த அழுத்தம் சீராக உள்ளது. ஆகவே டாக்டரம்மாவுக்குக் குழப்பம்.

“நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம் ஏதாவது குடுக்கீங்களாம்மா?”

“ஒண்ணும் இல்ல டாக்டர். காலைல சாமி தீர்த்தம் மட்டும்தான்” என்றாள் ஆவுடை.

“கோயில் தீர்த்தமா?”

“இல்ல, இவுக வழக்குத் தீர்த்தம்.”

டாக்டரம்மா சிரித்தார். ஆவுடையும் சிரித்தாள். நான் நாற்காலியைச் சரி செய்துகொண்டேன்.

17 மே

முத்திரைகள் பழுதின்றி உள்ளன.

18 மே

சட்ட நிலையைப் பரிசீலித்தேன். அவசர விண்ணப்பங்களுக்கு விடுமுறைக்கால நீதிமன்றம் உண்டு. அங்கே செல்ல, செய்தி அவசரமானது என்று காட்டவேண்டும். அவசரமானதா என்பது உறையைத் திறந்தால்தான் தெரியும். உறையை நீதிமன்றம்தான் திறக்கலாம். வாதத்தில் ஓட்டை இல்லை. முப்பத்தோர் ஆண்டு அனுபவத்தில் இத்தனை உறுதியான ஒரு வாதத்தை நான் கட்டியதில்லை.

அபிடேகத்தை நிறுத்துவது பற்றியும் எண்ணிப் பார்த்தேன். ‘இடையறாது.’

22 மே

புரதம் கூடியிருக்கிறது. ஆவுடைக்கும் பரிசோதித்தார்கள், ஒப்பிடுவதற்காக. அவளுக்கும் இருக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே கோளாறு என்றால் வீட்டில் ஏதோ உண்கிறீர்கள் என்றார் டாக்டரம்மா. “சாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாப்போமா?” என்றார். வேலை இருப்பதாகச் சொன்னேன்.

24 மே

மதியம் வடிவு கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வழக்குக் கட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். சிறு வயதிலிருந்தே கதைப்புத்தகம் கிடைக்காவிட்டால் என் கட்டுகளைப் படிப்பாள்.

“அப்பா, அந்த ஆப்பிரிக்காத் தாத்தா சொரங்கத்துலதான வேல பாத்தாவ?”

“ஆம்.”

“சொரங்கத்துல வேல பாத்த மனுசன், கல்ல ஈயப்பெட்டிக்குள்ள வச்சு, புள்ளைங்கள கிட்ட விடாம பூட்டிருக்காவ. எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே ரூம் கதவுலதாம்பா ஈயம் வச்சிருக்கும்.”

வடிவு ஓர் ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள் என்பதை இதற்கு முன் எழுதவில்லை. தேவைப்படவில்லை.

“அந்த அண்ணாச்சி பொண்டாட்டி எதுல செத்தாவ? இதுல கிட்னின்னு போட்டிருக்கு. ஒம்பது வருசம் தீர்த்தம் குடிச்சிருக்காவ.” வளையல்கள் ஒலிக்காமல் கட்டை மூடினாள். “கவர் ஒங்க பீரோவுலதான இருக்கு?”

“அது நீதிமன்றத்துக்கு உரியது.”

“நான் கேட்டது எங்க இருக்குன்னு.”

மகளைச் சட்டம் படிக்கவைக்காதது சரியான முடிவுதான் என்று இதுவரை எண்ணியிருந்தேன்.

25 மே

காலை ஏழு மணி. ஆவுடை அடுக்களையில் அரிவாள்மணை முன் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உறை அவள் மடியில் இருந்தது. பீரோச் சாவி இருபத்தெட்டு ஆண்டுகளாக அவள் இடுப்பில் இருப்பது. அதைப் பாதுகாப்புக் குறைபாடாக நான் ஒருபோதும் கருதியதில்லை.

“நீங்க உடைக்கீயளா, நான் உடைக்கட்டா?”

“ஆவுடை, நீதிமன்றத்துக்கென வைத்த முத்திரை அது. அவமதிப்பு வரும்.”

“உங்களுக்குத்தான வரும்? எனக்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடல. அபிசேகம் பண்ணுன்னு நீங்கதான் போட்டீய.” வாழைக்காயின் கறை படிந்த கையை முந்தானையில் துடைத்தாள். “என் வயித்துல ஒண்ணு கோளாறுன்னா விடுங்க. அவ வயித்துல இருக்கதுக்கு எந்த வக்கீலு ஆஜராவான்?”

உறையை வாங்கினேன். அரக்கை அரிவாள்மணையில் வைத்து நானே உடைத்தேன். மூன்று முத்திரைகள். உடையும்போது அத்தனை சத்தம் எழவில்லை.

அறிக்கை இரண்டு பக்கம். கல் மரகதமன்று. குப்ரோஸ்க்ளோடோவ்ஸ்கைட் என்னும் அரிய கனிமம்: செம்பும் யுரேனியமும் சிலிக்கேட்டும் நீரும் கூடியது. கதிரியக்கத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற ஓர் அம்மையாருடைய பிறந்த வீட்டுப் பெயரைத் தழுவியது இப்பெயர் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார். பேராசிரியர்களால் அடைப்புக்குறியை விட முடியாது. வடிவும் பிறந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள்.

குணங்கள்: புல்பச்சை நிறம், பட்டுப் பளபளப்பு, எளிதில் முறிந்து உதிரும் நுண்ணூசிகள். கடினம் பத்துக்கு நான்கு, கத்தியால் கீறலாம். (என் முன்னிலையில் கீறினார்.) நீரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கனம். (என் முன்னிலையில் தூக்கினார்.) புற ஊதா ஒளியில் ஒளிராது, ஒளிராததால் அபாயமற்றது என்று எவரும் மயங்கக் கூடாது. எடையில் பாதிக்குமேல் யுரேனியம். கடுமையான கதிரியக்கம். மூடிய அறையில் வைத்தால் கதிரியக்க வாயு சேரும். புளிப்புப் பொருள்களில் கரையும்.

தயிர். எலுமிச்சைச் சாறு.

கடைசிப் பத்தியைப் பேராசிரியர் அடிக்கோடிட்டிருந்தார்: “கையில் எடுத்துப் பார்ப்பதைவிடத் தூசியாக மூச்சிலோ கரைந்து வயிற்றிலோ போவதே பேரபாயம், முதலில் தாக்கப்படுவது சிறுநீரகம். இதை மனிதர் வசிக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. இந்த உறையைப் பெறுபவர் இன்றே இதைத் திறக்குமாறு வேண்டுகிறேன்.”

உறையை நான் பெற்றது ஏப்ரல் முப்பது.

ஒன்பது மணிக்குள் வடிவையும் ஆவுடையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அறிக்கையைப் படித்த டாக்டரம்மா சிரிக்கவில்லை.

26 மே

முறைப்படி இரு தரப்பையும் என் அலுவலகத்துக்கு அழைத்து, அறிக்கையை வாசித்துக் காட்டினேன். கல் என் வீட்டுத் தோட்டத்தில், ஆளில்லாத மூலையில், கவிழ்த்த மண்பானையின்கீழ் இருக்கிறது. உரியவர் எடுத்துச் செல்லலாம் என்றேன்.

செண்பகவல்லி முதலில் தெளிந்தார். “அண்ணன்தான மூத்தவன், வக்கீலய்யா. குலதெய்வம் மூத்தவன் வீட்லதான் இருக்கணும். நான் விட்டுக் குடுக்கேன்.”

“ஏய், அப்பா உனக்குச் சீதனமா நெனச்சுதான கொண்டாந்தாவ? அவுக வாயாலயே சொன்னாவ!”

“எப்பச் சொன்னாவ?”

“நீ பொறக்கறதுக்கு முந்தி!”

“எனக்கு வேண்டாம். உனக்கே. எழுதித் தாரேன்.”

“நானும் எழுதித் தாரேன்!”

இரண்டு ஆண்டுகளாக ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காதவர்கள், ஐந்து நிமிடத்தில் ஒருவருக்கொருவர் ஒரு தெய்வத்தையே தானம் செய்தார்கள். இந்த அளவு சகோதர பாசத்தை நான் எந்த வழக்கிலும் கண்டதில்லை.

பிறகு குற்றாலலிங்கம் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

“வக்கீலய்யா... என் வீட்டுக்காரி கிட்னிலதான போனா. அந்தக் காயிதத்துல அதப் பத்தி ஏதும் எழுதியிருக்கா?”

இல்லை என்றேன். அது உண்மை.

“கடைசிவரைக்கும் ஆஸ்பத்திரில அதத்தான் குடுத்தேன். சாமி தீர்த்தம் குடி, சரியாவும்னு. நானே டம்ளர்ல ஊத்தி, நானே வாயில விட்டேன்.”

செண்பகவல்லி தன் அண்ணனைப் பார்த்தார். பிறகு எழுந்து, என் மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இதைப் பதிவு செய்வது முறையா என்று தெரியவில்லை. பதிவு செய்கிறேன்.

29 மே

ஆட்சியர் அலுவலகம் வழியாகச் செய்தி போய், உரிய துறையினர் மூவர் வந்தார்கள். கையுறை, முகமூடி, டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும் கருவி. தோட்டத்தில் அடித்தது. பூசையறையில் அடித்தது. படுக்கையறைச் சுவரிலும் சிறிது. முன்னறையில் நான் பாய் விரித்த இடத்தில் அடிக்கவே இல்லை.

“சார் இங்கயா படுத்திருந்தீங்க? நல்ல வேளை” என்றார் ஒருவர்.

கல்லை ஓர் ஈயப்பெட்டியில் வைத்து மூடினார்கள். வெள்ளிக்குடங்கள் இருக்க ஈயத்தைத் தேர்ந்த அந்தத் தந்தையார் கஞ்சரல்லர் என்று அறிக்கையில் சேர்க்கவேண்டும்.

4 ஜூன்

நீதிமன்றம் திறந்தது. முத்திரையை நானே உடைத்ததை ஒப்புக்கொண்டு மனு தாக்கல் செய்தேன். நீதிபதியின் மேசையில், பேராசிரியர் அவருக்கு மே மாதம் அனுப்பிய கடிதம் விடுமுறைத் தபால்களோடு கட்டாகக் கிடந்தது. நீதிபதி இரண்டையும் படித்தார்.

“முத்திரையை உடைத்ததற்கு உங்களை மன்னிக்க முடியும், ஆணையரே. இருபத்தைந்து நாள் உடைக்காமல் இருந்தீர்களே, அதை மன்னிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.”

என்னை ஆணையர் பொறுப்பிலிருந்து விடுவித்தார். இனம் 17 பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வழக்கு தொடர்கிறது. காணாமற்போன ஈயப்பெட்டி, அதாவது இனம் 18, இப்போது உரிமை கோரத்தக்க பொருள் என்று இரு தரப்பும் வாதிடுகின்றன.

20 ஜூன்

புரதம் குறைகிறது. இருவருக்கும்.

10 ஜூலை

நேற்று மாலை வடிவுக்குப் பெண் குழந்தை. இரண்டரைக் கிலோ. நன்றாக அழுகிறது. “இதுவரை பார்த்ததில் குறை ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டே வரவேண்டும்” என்றார் டாக்டரம்மா. ‘இதுவரை பார்த்ததில்’ என்ற சொற்களை நானே எத்தனையோ சாட்சிகளின் வாயில் வைத்திருக்கிறேன். அவற்றின் எடை எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

இந்த நாட்குறிப்பை ஓர் ஒப்புதலோடு முடித்துவைக்க விரும்பினேன். ஆஸ்பத்திரி அறையில், நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியை ஆவுடையிடம் காட்டி, சாட்சியாகக் கையெழுத்திடக் கேட்டேன். அவள் முழுவதும் படித்தாள். அவள் இத்தனை பொறுமையாகப் படித்து நான் பார்த்ததில்லை.

“ஒண்ணு விட்டுப்போச்சு” என்றாள்.

“எது?”

“மே ஒண்ணாந்தேதில இருந்து நீங்க தீர்த்தம் குடிக்கல.”

“தொண்டை...”

“தொண்டையும் இல்ல, பாலும் இல்ல. நான் குடுத்த பாயசத்த ரெண்டு டம்ளர் குடிச்சீய. மூணாந்தேதி முன்னறைக்குப் போனீய. கட்டில எம் மவளுக்குக் குடுத்தீய.” குழந்தை அசைந்தது; துணியைச் சரிசெய்தாள். “நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கோர்ட்டு விசயம், இவுகளுக்குத் தெரியாததா, கெட்டதுன்னா எங்கள மட்டும் குடிக்க விடுவாவளான்னு நெனச்சேன்.”

வடிவு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். உறங்குகிறாள் என்றே எண்ணியிருந்தேன்.

“அதை எழுதுங்கப்பா” என்றாள், திரும்பாமலே. “எழுதினா நானும் போடுதேன்.”

எழுதுகிறேன்.

1. 30 ஏப்ரல் அன்று பேராசிரியர் என்னிடம் “ஆளு பொழங்குத எடமா” என்று கேட்டபோதே, கல் தீங்கானது என்று நான் ஐயுற்றேன்.

2. அந்த ஐயத்தின் பயனை 1 மே முதல் எனக்கு மட்டும் வழங்கிக்கொண்டேன். தீர்த்தத்தை விட்டேன். அறையை மாற்றினேன். என் மனைவியிடமும், கருவுற்ற என் மகளிடமும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

3. உத்தரவும் முத்திரையும் விடுமுறையும் என்னைத் தடுக்கவில்லை. நான் அவற்றின் பின்னால் நின்றேன்.

4. இந்த நாட்குறிப்பின் தொடக்கத்தில், விடுபடுபவை தேவையற்றவை என்று கூறியிருந்தேன். அக்கூற்றைத் திரும்பப் பெறுகிறேன்.

மேற்கண்டவை யாவும் என் கைப்பட எழுதி, வாசித்துக் காட்டி, சரி என்று ஒப்பியவை.

(ஒப்பம்) சி. அனவரதநாதன்

சாட்சிகள்:

1. அ. ஆவுடையம்மாள்

2. அ. வடிவு. குழந்தையைக் கையில் வைத்திருந்ததால் இடக்கையால் இட்டது.